மடியில் நெருப்பு: மலிவு விலை கேமிங் லேப்டாப்பும் வெக்கையின் அரசியலும்

1

போன சித்திரையில் சிவகாசிப் பக்கம் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். ஒரே அறை. மேலே சிமெண்ட் ஷீட். ராத்திரி பதினோரு மணிக்கும் ஷீட்டிலிருந்து வெக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. அக்காவும் மச்சானும் வாசலில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, மருமகனுக்காக அல்ல, அவனுடைய லேப்டாப்புக்காக. லேப்டாப்பின் பின்கால்கள் இரண்டும் தண்ணீர் பாட்டில் மூடிகளின் மேல் நின்றன. ஃபேன் அதன் முதுகைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவன் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேர்வை வழிய, ஏதோ ஓர் அமெரிக்க நகரத்தின் தெருவில் திருட்டுக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். திரையின் மூலையில் ஓர் எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"அது என்ன மாப்ள நம்பரு?"

"சிபியூ சூடு மாமா. தொண்ணூத்தாறு."

"தொண்ணூத்தாறு டிகிரியா? தண்ணி கொதிச்சிரும்லடா."

"நூறுலதான மாமா கொதிக்கும். இன்னும் நாலு இருக்கு. கீபோர்டு மேல கைய வச்சிராதீங்க, சுடும்."

அந்த நாலு டிகிரியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஊர் திரும்பி இரண்டு நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் கோபப்பட்டார். "பட்டாசு ஆபீஸ்ல ஆளுக செத்துக்கிட்டிருக்கும்போது, பையன் விளையாட்டுச் சாமான் சூடாகுதுன்னா எழுதப் போறீங்க?" என்றார். கேள்வி நியாயமானது. கட்டுரை முடிவதற்குள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடப்பாட்டோடுதான் தொடங்குகிறேன். சிரித்தவருக்குப் பதில் சுலபம். ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் காரையும் பிளாஸ்டிக்கையும் சலவைத்தூளையும் பிரதிகளாக எடுத்து வாசித்தார். இங்கே நாம் அவருடைய பெயரை எத்தனையோ முறை அச்சடித்தோம். ஆனால் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற பொருள்களை வாசித்தது ரொம்பக் குறைவு. கவிதைத் தொகுப்புக்கு 20 பக்கம் விமர்சனம் எழுதுகிற நாம், ஓர் உழைக்கும் குடும்பம் ஒரு வருசத்துச் சேமிப்பையும் ஒரு குழுக் கடனையும் கொடுத்து வாங்குகிற பண்டத்துக்கு ஒரு வரி எழுதியதில்லை. அதை எழுதும் பொறுப்பை விளம்பரக்காரர்களுக்கு விட்டுவிட்டோம்.

2

முதலில் அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்கலாம். சிவகாசியில் எதையும் அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்குவதே முறை.

இது லேபிள்களின் ஊர். 1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள் என்பது ஊரறிந்த கதை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். இப்படித் தீயும் அச்சும் ஒன்றையொன்று வளர்த்தன. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, விவசாயம் பொய்த்த கரிசல், கூலிக்கு வரத் தயாரான கைகள். மற்ற ஊருக்குச் சாபமாக இருந்த வறண்ட வெக்கை இங்கே மூலதனமாயிற்று. வெக்கை என்ற சொல்லையே 1982இல் நாவலுக்குத் தலைப்பாக வைத்தவர் பூமணி. தீப்பெட்டித் தொழிலில் சிறுபிள்ளைகள் படும் பாட்டைக் 'கருவேலம்பூக்கள்' என்று படமாக எடுத்தவரும் அவர்தான். இந்தப் பக்கத்து எழுத்தில் வெக்கை பருவநிலையாக மட்டும் வருவதில்லை, வாழ்நிலையாகவும் வரும்.

பட்டாசு லேபிளை எடுத்துப் பாருங்கள். அணுகுண்டு என்று ஒரு வெடி, ராக்கெட் என்று ஒரு வாணம். உள்ளே இருப்பது மருந்து, காகிதம், சணல், திரி. வெளியே இருப்பது சிரிக்கும் குழந்தை, நடிகை, சாமி, போர் விமானம். சுற்றிய கை அதில் இருக்காது. மருந்து இடித்த கை இருக்கவே இருக்காது. பண்டம் தன்னைச் செய்த உழைப்பை மறைத்துத் தானாகவே உயிர் பெற்றது போல எழுந்து நிற்கும் மாயத்தை மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் தொகுதியில் பேசினார். சிவகாசியில் அந்த மாயத்தை நாலு கலரில் ஆஃப்செட்டில் அடித்து லாரியில் ஏற்றுகிறோம்.

இப்போது கேமிங் லேப்டாப்பின் பெட்டி. மலிவு வரிசைகளின் பெயர்களைக் கேளுங்கள்: ஏசஸின் 'டஃப்', ஏசரின் 'நைட்ரோ', எச்பியின் 'விக்டஸ்'. முரடு, வெடி, வெற்றி. கூடுதல் விலை வரிசைக்குப் போனால் 'லீஜியன்', 'ப்ரெடேட்டர்'. ஒன்று படையணி, இன்னொன்று வேட்டை விலங்கு. நைட்ரோ என்ற பெயரை பெங்களூரில் ஒருவன் கேட்பதும் சிவகாசியில் ஒருவன் கேட்பதும் ஒன்றல்ல. இங்கே நைட்ரேட் என்பது தினமும் புழங்கும் சொல். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். பச்சை ஒளி தருவது பேரியம் நைட்ரேட். பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொன்ன பிறகு எத்தனை ஆபீஸ்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன என்பது இந்த ஊர் அடுப்புகளுக்குத் தெரியும். அந்தச் சொல்லின் பாதியை எடுத்து ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒட்டி, வேகம் என்ற அர்த்தத்தில் நமக்கே திருப்பி விற்கிறார்கள்.

பெட்டியின் மேலே எண்கள் இருக்கும். இத்தனை ஜிபி, இத்தனை ஹெர்ட்ஸ், ஆர்டிஎக்ஸ் இத்தனை. சில வரிசைகளில் 'ராணுவத் தரம்' என்று ஒரு முத்திரையும் உண்டு. எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகளின் தொகுப்பு. எந்த ராணுவமும் இந்த லேப்டாப்பை எடுத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அந்தத் தொகுப்பிலிருந்து தனக்கு வேண்டிய சோதனைகளைத் தேர்ந்தெடுத்து நடத்துவது கம்பெனியே. அதாவது, பட்டாசு லேபிளில் போர் விமானம் பறப்பது போலத்தான் இங்கே ராணுவம் வருகிறது.

என் வாதம் எளிமையானது. மலிவு என்பது விலைக் குறைப்பு அல்ல. பெட்டி மேல் அச்சிட முடிகிற விஷயங்களுக்குச் செலவு செய்து, அச்சிட முடியாத விஷயங்களில் மிச்சம் பிடித்து, அந்த மிச்சத்தைச் சூடாகவும் உடைசலாகவும் வாங்கியவன் தலையில் இறக்கி வைக்கிற ஏற்பாடு. அந்தப் பெட்டியில் அச்சாகாமல் விடப்பட்டதைப் படிப்பதுதான் இங்கே விமர்சனத்தின் வேலை.

3

என்னென்ன அச்சாகவில்லை?

சூடு வெளியேறும் வழியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். சிப்பில் பிறக்கும் வெப்பம் முதலில் ஒரு பசையைக் கடக்கிறது, பிறகு ஒரு செம்புத் தகட்டுக்குப் போகிறது, அங்கிருந்து செம்புக் குழாய்க்குப் போகிறது. குழாய்க்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளித் தண்ணீர் வைத்திருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகும், குளிர்ந்த முனையில் மறுபடி நீராகும், உள்சுவரில் ஊர்ந்து திரும்பும். குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள். அவற்றின் மேல் ஃபேன் ஊதும். அவ்வளவுதான் மொத்த ரகசியமும். குழாய் எத்தனை, எவ்வளவு தடிமன், தகடு எவ்வளவு அகலம், ஃபேன் இறகு எத்தனை, காற்று போக ஓட்டை எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் காசு. எதுவும் பெட்டியில் வராது. வந்தாலும் 'அதிநவீனக் குளிரூட்டல்' என்று ஒரு வரி வரும். 2020இல் வந்த டஃப் ஏ15இல் அடிப்பக்கம் காற்றுத் துளைகள் மாதிரி தெரிந்த அலங்காரத்தில் பெரும்பகுதி மூடியே இருந்தது என்று அப்போதே பலர் திறந்து காட்டினார்கள். சன்னல் மாதிரி வரைந்த சுவர்!

அடுத்தது பெயர். ஆர்டிஎக்ஸ் 4050 என்று பெட்டியில் போட்டிருந்தால், அது 35 வாட்டில் ஓடும் சிப்பாகவும் இருக்கலாம், 115 வாட்டில் ஓடும் சிப்பாகவும் இருக்கலாம். லேப்டாப்பின் சூடு தாங்கும் சக்தியைப் பொறுத்துக் கம்பெனி முடிவு செய்யும். பெயர் ஒன்று, உழைப்பு மூன்று மடங்கு வித்தியாசம். முன்னால் சக்தி குறைந்த வகையைக் காட்ட 'மேக்ஸ்-கியூ' என்று ஒரு வால் சிப்பின் பெயரோடு ஒட்டியிருந்தது. 30 வரிசை லேப்டாப் சிப்புகள் வந்த 2021இல் அந்த வாலையும் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வாட் எவ்வளவு என்று தேடிப் பிடிக்க வேண்டியது வாங்குகிறவன் பொறுப்பு. குறிக்கும் குறிக்கப்படுவதும் ஒட்டுவதில்லை என்று மொழியியல் படித்துச் சொன்னோமே, இங்கே அது விற்பனை உத்தி.

மூன்றாவது திரை. 144 ஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும். நிறம் பற்றி இருக்காது. இந்த மலிவு வரிசைகளில் பலவற்றில் போட்ட திரைகள் 45 சதவீத என்டிஎஸ்சி வகையைச் சேர்ந்தவை. அந்தப் பழைய தொலைக்காட்சி அளவுகோலின் நிறப்பரப்பில் பாதியைக்கூட அவை காட்டுவதில்லை. விளையாடுகிறவனுக்கு இது பெரிய குறை இல்லாமலிருக்கலாம். ஆனால் சிவகாசியில் கேமிங் லேப்டாப்பை விளையாட மட்டுமா வாங்குகிறார்கள்? என் மருமகன் பகலில் ஒரு டிசைன் கடையில் காலண்டரும் பட்டாசு லேபிளும் செய்கிறான். கோரல்டிராவும் போட்டோஷாப்பும் திணறாமல் ஓட வேண்டுமென்றால் அந்த விலைக்கு இதுதான் கிடைக்கும். 'கிராஃபிக்ஸ் கார்டு இருக்குல்ல' என்பதுதான் அவன் வீட்டில் சொன்ன நியாயம். அவன் திரையில் பார்க்கிற சிவப்பு வேறு, ஆஃப்செட்டில் வந்து விழுகிற சிவப்பு வேறு. "மொத தடவ பிளேட் போட்டு அடிச்சப்ப அண்ணாச்சி திட்டுனாரு மாமா. ஸ்கிரீன் பொய் சொல்லுதுன்னு அப்பத்தான் தெரியும்." இப்போது எண்களை மட்டும் நம்பி நிறம் வைக்கிறான். மஞ்சள் நூறு, மெஜந்தா நூறு. கண்ணை நம்புவதில்லை. வேலைக்காக வாங்கிய கருவியை நம்பாமல் வேலை செய்யப் பழகியிருக்கிறான்.

கடைசியாக ஒரு வரி உண்டு. அது பெட்டியில் இருக்காது, கையேட்டின் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலான லேப்டாப்களுக்கு அது ஒன்றேதான்: இயக்க ஏற்ற சூழல், 5 முதல் 35 டிகிரி வரை. சித்திரை, வைகாசியில் சிவகாசியில் நிழலிலேயே 38, 39 சாதாரணம். சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே அதற்கு மேல். ஆக இந்தப் பண்டம் தன் சட்டப்படி இந்த ஊரில் கோடைப் பகலில் ஓடக்கூடாத பண்டம். ஆனாலும் இந்த ஊரில் விற்கலாம். ஏசி இருக்கும் அறைதான் உலகம் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்ட பிரதி அது. ஏசி இல்லாத வீடு அந்தப் பிரதிக்கு வெளியே கிடக்கிறது, ஆனால் பில்லுக்கு உள்ளே இருக்கிறது.

4

பிறகு உடைசல். உடம்பு முழுக்க பிளாஸ்டிக். மூடி திறந்து மூடுகிற கீல் மட்டும் இரும்பு, நல்ல இறுக்கம். அந்தக் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குழல்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் குழல்களை இழுக்கிறோம். சூடான காற்று வெளியேறும் வழியும் பல மாடல்களில் கீலுக்குப் பக்கத்தில்தான். சூட்டில் பிளாஸ்டிக் நொறுங்கு பதத்துக்கு வரும். ஒரு நாள் 'டக்' என்று குழல் பெயர்ந்து மூடி வாயைப் பிளக்கும். அக்கா மகனுடையது பதினான்காவது மாதம் பிளந்தது. வாரன்டி ஒரு வருசம். அதற்கு முன்பே ஒன்பதாவது மாதம் லேசாக விரிசல் கண்டபோது மதுரைக்கு எடுத்துக்கொண்டு போனான். கூடவே நானும் போனேன்.

கவுண்டரில் இருந்த தம்பி நல்லவன்தான், சிரித்த முகம். ஒரு படிவத்தில் டிக் அடித்தான். 'பிசிக்கல் டேமேஜ்.' வாரன்டியில் வராது.

"கீழ விழலீங்க. தொறந்து மூடுனதுதான்."

"தொறக்கும்போது ஃபோர்ஸ் குடுத்திருப்பீங்க சார். ரெண்டு கையால தொறக்கணும்."

ரெண்டு கையால் திறக்க வேண்டும் என்று கையேட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சார், சிஸ்டம் எடுக்காது என்றான். சிஸ்டம் எடுக்காது! இந்தக் காலத்தின் கடவுள் வாக்கு. ஊருக்குத் திரும்பி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரிப்பேர்க் கடையில் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் நாலு திருகைக் கழற்றி, இடிந்த குழல் குழிகளில் எம்-சீல் வைத்து அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டுக் கொடுத்தார். "வாரத்துக்கு ஒண்ணாவது இந்தக் கேஸ் வருதுண்ணே. டிசைனே அப்படி" என்றார். கம்பெனி படிவத்தில் 'பயன்படுத்தியவரின் தவறு' என்று இருப்பது ரிப்பேர்க்காரர் வாயில் 'டிசைன்' என்று வருகிறது. அவர் கொடுத்த வாக்குமூலம் எந்தப் படிவத்திலும் ஏறாது. அந்த எம்-சீல் நாலு மாதம் தாங்கியது. அப்புறம்தான் நான் மேலே சொன்ன 'டக்'.

இதை எழுதும்போது கைக்குத் தானாக இன்னொரு சொல் வருகிறது: கவனக்குறைவு. பட்டாசு ஆபீஸில் விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளில் வருகிற சொல். உராய்வு ஏற்பட்டது, தொழிலாளியின் கவனக்குறைவு, மனிதத் தவறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, செத்தவர்களில் பலரை 'வேடிக்கை பார்க்க வந்தவர்கள்' என்றார்கள். உதவிக்கு ஓடியவர்களும் அதில் இருந்தார்கள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விதி. அந்த அறையில் எத்தனை பேரை உட்கார வைப்பது, வெயில் ஏறின பிறகும் மருந்து வேலையை நடத்துவதா, ஷெட்டை ஆளுக்கொன்றாக உள்வாடகைக்கு விடுவதா என்று முடிவு செய்தவர்கள் 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குள் வருவதே இல்லை. அந்தச் சொல் எப்போதும் கடைசிக் கையின் மேல்தான் போய் உட்காரும்.

5

இந்த இடத்தில் நண்பரின் கோபம் எனக்குள்ளும் எழுகிறது. லேப்டாப் கீலும் முதலிப்பட்டியும் ஒன்றா? ஒன்று இல்லை. ஒப்புமையால் சாவை மலிவாக்குவதும் ஒருவகை மலிவு உற்பத்திதான். அதை உணர்ந்தே சொல்கிறேன், நான் ஒப்பிடுவது நட்டங்களை அல்ல, நட்டத்தைக் கீழே தள்ளுகிற மொழியை. அந்த மொழி ஒரே படிவத்தில் அச்சாகிறது.

ஆனாலும் ஒப்புமை எங்கே உடைகிறது என்பதை எனக்குக் காட்டியது எந்தக் கோட்பாடும் இல்லை, அக்காதான். அதற்கு முன் அவளைப் பற்றிக் கொஞ்சம். 80களில் விடியக் கருக்கலில் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் போனவள் அவள். எட்டு வயசிலிருந்து குச்சி அடுக்கினாள். குழந்தை உழைப்புச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996இல் வந்தது. இரண்டும் அவளுக்குப் பிந்தி வந்தன. இப்போது பட்டாசு ஆபீஸ். (இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர் காதுக்கு அது வேறு வேலை மாதிரி கேட்கும்.) பீஸ் ரேட். எத்தனை சுற்றுகிறாளோ அத்தனைக்குக் கூலி.

அவள் வீட்டுக்கு வந்த முதல் லேப்டாப் இது இல்லை. அண்ணா பிறந்த நாளான 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்தவளுக்கு ஒன்று கிடைத்தது. எல்காட் மூலம் வாங்கி, மேலே முதலமைச்சர் படம் ஒட்டிக் கொடுத்தது. அதையும் அன்று நாம் எளிதாகக் கேலி செய்தோம், இலவசம் என்றோம், ஓட்டுக்கு என்றோம். வீட்டில் எழுத்து என்ற பண்டமே இல்லாதிருந்த குடும்பத்தில் அது எத்தனை பேருக்கு முதல் விசைப்பலகை என்று யோசிக்கவில்லை. மெதுவானது, விளையாட முடியாது. ஆனால் மடியில் வைக்கலாம். சுடாது. அவள் அதை மடியில் வைத்துத்தான் படித்தாள்.

மடிக்கணினி என்று நாம் அழகாகப் பெயர் வைத்தோம். கேமிங் லேப்டாப்போ மடியில் வைக்கக்கூடாத மடிக்கணினி. மடியில் வைத்து நீண்ட நேரம் பயன்படுத்தாதீர்கள், சுடும் என்று கையேடே எச்சரிக்கும். இதை அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "மடியில நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான தம்பி நாங்க போயிட்டு வாரோம்" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. 58,000 ரூபாய். பாதி தீபாவளி போனசும் சீட்டும். மீதி மகளிர் குழுக் கடன், வாரத் தவணை. கடன் அவள் பெயரில்.

அன்றைக்கு மருமகன் எனக்கு ஒன்று விளக்கிக்கொண்டிருந்தான். சூடு நூறைத் தொடப் போனால் சிப் தானாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், த்ராட்லிங் என்று பெயர். படம் திக்கும், விளையாட்டு இழுக்கும். அதையும் மீறிச் சூடேறினால் மொத்தமாக அணைந்துவிடும். அவனுக்கு அதுதான் பெரிய குறை. "காசு குடுத்து வாங்குன ஸ்பீடு கெடைக்க மாட்டேங்குது மாமா" என்றான். கேட்டுக்கொண்டிருந்த அக்கா கத்தியை நிறுத்தினாள்.

"சூடானா அதுவா மெதுவாயிக்கிருமா?"

"ஆமாம்மா."

"ரொம்பச் சூடானா அதுவா நின்னுருமா? யாரும் திட்ட மாட்டாங்களா?"

அவன் சிரித்துவிட்டான். நான் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் மேலே சொன்னாள். "வெயில் ஏறுறதுக்குள்ள மருந்து வேலைய முடிச்சிரணும்னுதான் சொல்லுவாங்க. ஆர்டர் நெருக்குச்சுன்னா யாரு கேக்கா? நம்மளும் மெதுவாச் செய்ய முடியுமா, பீஸ் ரேட்டுல?"

நான் இரண்டு பகுதிகள் எழுதிக் கட்டிய ஒப்புமை இந்த இடத்தில் சரிந்தது. லேப்டாப்பும் தொழிலாளியும் ஒரே மாதிரி சூட்டைச் சுமக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. சிப்புக்குச் சூடு தாங்காதபோது வேகத்தைக் குறைக்கவும், முடியாதபோது நின்றுவிடவும் அதைச் செய்தவர்கள் உள்ளேயே ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வெப்பத்தை அளக்கும் கண் அதன் உடம்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஏனென்றால் சிப் எரிந்தால் கம்பெனிக்கு நட்டம். ஷெட்டில் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு அப்படி ஒரு கண்ணும் இல்லை, குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது பீஸ் ரேட். மெதுவானால் கூலி குறையும், நின்றால் கூலி நிற்கும். மலிவான பண்டத்துக்கும் உள்ள பாதுகாப்பு, அதைவிட மலிவாக மதிக்கப்படும் உழைப்புக்கு இல்லை. நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். பையனின் விளையாட்டுச் சாமானைத் திறந்து பார்த்ததால்தான் ஷெட்டில் எது இல்லை என்பது என் கண்ணுக்குப் பட்டது.

6

இனி என்ன செய்வது? பையனிடமிருந்து லேப்டாப்பைப் பிடுங்குவதா? நுகர்வு மோகம் என்று பாடம் எடுப்பதா? நம் தோழர்களில் சிலருக்கு உழைக்கும் வீட்டுப் பிள்ளை எப்போதும் அவசியமானதை மட்டுமே ஆசைப்பட வேண்டும். சும்மா விளையாடும் நேரம், சும்மா மினுங்கும் ஒரு பொருள், இதெல்லாம் நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு மட்டும் எழுதி வைத்ததா என்ன? அவன் அம்மா விடியக் கருக்கல் மூன்று மணிக்கு எழுந்து வண்டி ஏறியவள். அவன் அதே மூன்று மணி வரை விழித்திருந்து விளையாடுகிறான். அந்த மூன்று மணியைக் குடும்பம் வென்றெடுத்த நேரமாகத்தான் நான் பார்க்கிறேன். அவன் ஆசை பொய் இல்லை. அந்த ஆசைக்கு விற்கப்பட்ட பண்டத்தின் விவரம்தான் பொய்.

ஆகவே கோரிக்கையும் அந்த விவரத்தின் மேல்தான் இருக்க வேண்டும். பிரான்சில் 2021 முதல் லேப்டாப் போன்ற பொருள்களுக்கு அதைச் சரிசெய்வது எவ்வளவு எளிது என்று ஒரு மதிப்பெண்ணை விற்பனை இடத்தில் காட்ட வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுது பார்க்கும் உரிமை' என்று குழு அமைத்தது, அந்த வருசக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. நல்லது. ஆனால் தில்லியில் எழுதும் பட்டியலில் கீலும் வெக்கையும் இருக்குமா? நாம் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். சிப்பின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வாட். 40 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கிடைக்கும் வேகம். திரையின் நிறப்பரப்பு. கீல் எத்தனை முறை திறக்கத் தாங்கும் என்ற எண். கீல் பெயர்ந்தால் அது பயன்படுத்தியவர் குற்றம் என்பதைக் கம்பெனி நிரூபிக்க வேண்டும் என்ற விதி. இவற்றை எழுதுவதற்குக் கவிதை விமர்சனத்துக்குச் செலவிடும் கவனத்தில் பாதி போதும்.

கிளம்பும் முந்தின ராத்திரி மருமகன் லேப்டாப்பின் அடித்தட்டைத் திறந்தான். ஃபேன் இறகுகளில் சாம்பல் நிறத்தில் புழுதி அப்பியிருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தான். காய்ந்துபோன பசையை வழித்துவிட்டுப் புதுசு வைத்தான். விளையாட்டின் பிரேம்களை 60க்கு மேல் போகாமல் கட்டினான். போட்டுப் பார்த்தால் எண் 84இல் நின்றது. "பன்னெண்டு டிகிரி எறங்கிருச்சு மாமா" என்று சத்தம் போட்டான். வாசலில் படுத்திருந்த அக்கா எழுந்து வந்து பார்த்தாள். மேசையிலிருந்த ஃபேனைத் தூக்கி வாசல் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இந்த மாதிரி நம்பர் காட்டுற மெசினு ஒண்ணு ஆபீசுல மாட்ட முடியாதாடா?" என்று கேட்டாள். முடியும், ரொம்ப மலிவு என்றான் அவன். வாங்கிவிடலாம்தான். அது 38ஐக் காட்டும்போது வேலையை நிறுத்தினால் அன்றைய பாதிக் கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு அவனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. சங்கத்தில் இருக்கிற தோழர்களும் விதி எழுதுகிறவர்களும் உட்கார்ந்து பேச வேண்டிய தொகை அது. மறுநாள் ஆறு மணிக்கு வண்டி வந்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அக்கா போனாள்.